பீரோ கதவுல பதினேழு இன்ஜின்

இல்லீங்க்கா, அந்தப் பக்கம் கால் வைக்காதீங்க, அது பொம்மை ரயிலு மெயின் லைன். இப்படி இந்த வாளியை ஒட்டி வந்து சேர்ல உக்காருங்க. சேலைக் கரை தண்டவாளத்துல மாட்டும், கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்கோங்க. ஆமாங்க, ஊட்டுக்குப் பின்னால மனுசங்க பொழங்குற பொடக்காலிதான். பாத்தா அப்படித் தெரியாது. துவைக்கிற கல்லைச் சுத்தி ஒரு வளைவு, குழாயடிக்குப் பின்னால ஒரு வளைவு, பக்கத்தூட்டுச் சரோஜாக்கா வாசல் வரைக்கும் ஒரு நேர் லைன். மிச்சம் இருக்குற எடத்துல நாங்க மூணு பேரும் பொழைச்சுக்கணும்.

உங்க ஊட்டு சாரும் எங்க ஊட்டுக்காரரும் வர அரை மணி நேரமாவது ஆகும். பேட்டரிக் கடை சத்தி ரோட்டுல அந்தக் கோடியில இருக்குது. காப்பிக்குச் சக்கரை பத்துதுங்களா?

மேடம்னு கூப்பிட வேண்டாம், அக்கான்னே கூப்பிடுன்னு சொன்னீங்க. அதனால கூப்பிடறேன். நான் ஆருகிட்டயும் வாயத் தொறக்கறவ இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரு உங்க பட்டறையில எட்டு வருசமா லேத் ஓட்டறாரு. ஆயுத பூசைக்கு வருசா வருசம் நானும் வர்றேன், பொரியும் சுண்டலும் வாங்கிட்டு மோட்டார் ரூம் பக்கமா நின்னு தின்னுட்டு வந்துருவேன். உங்களுக்கு என் மூஞ்சி கூட ஞாபகம் இருக்காது. இன்னைக்கு நீங்களாத்தான் கேட்டீங்க, "உனக்கும் இந்த ரயிலெல்லாம் புடிக்குமா கோகிலா"ன்னு. அந்த ஒரு கேள்வியிலதான் எனக்குத் தீப்புடிச்சுக்கிச்சு. உங்க மேல கோவமில்லீங்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க.

புடிக்காதுங்க. எனக்கு ரயிலுன்னாலே ஆகாது.

அந்தக் கல்லு மேல நிக்குது பாருங்க, செவப்பா, தொப்பையோட ஒரு இன்ஜினு. அதைத்தான் சாரு இன்னைக்கு எடுத்துட்டுப் போக வந்திருக்காரு. அதுக்குப் பதிலா ஒரு பொட்டியக் கொண்டாந்து எங்க கட்டில் மேல வெச்சிருக்காரு. உள்ள ஸ்பாஞ்சு போட்டு, பட்டுத் துணி சுத்தி, ஊட்டி மலை இன்ஜின். நீலக் கலரு. வெளிநாட்டுல ஆர்டர் குடுத்துச் செஞ்சதாம். தகர டப்பாவக் குடுத்துட்டு அதை வாங்கிக்கிறதுக்குக் கசக்குதான்னு எங்க நாத்தனாரு காலையில போன்ல கேக்குது. பட்டறையில எல்லாரும் அதையேதான் கேக்குறாங்களாம். நான் ஒண்ணும் சொல்லலீங்க. நான் என்னைக்குச் சொல்லியிருக்கேன்.

உள்ள வரும்போது பீரோ பாத்தீங்களா? பச்சைக் கலரு பீரோ. எங்கம்மா ஸ்பின்னிங் மில்லுல ஷிப்டுக்குப் போயி எனக்குச் சீரா வாங்கிக் குடுத்தது. அதுல உள்பக்கக் கதவுல ஒரு கண்ணாடி ஒட்டணும்னு நெனச்சு வெச்சிருந்தேன். சேலை கட்டி ஒரு தடவை முழுசாப் பாத்துக்கலாமுல்ல, அவ்வளவுதான் ஆசை. அந்த எடத்துல அவரு செவப்பு மார்க்கர்ல லிஸ்டு எழுதிப்போட்டாரு. என்ன லிஸ்டுன்னு நெனைக்கிறீங்க? அவரு ஒரு நாள் வாங்கணும்னு ஆசைப்படற இன்ஜினு. பெரிய அளவு பொம்மை ரயிலுன்னு சொல்றாங்களே, உங்க தோட்டத்துல ஓடுதே, அந்தச் சைசு. பதினேழு இன்ஜின். மண்ணெண்ணெய் ஊத்தித் தேய்ச்சுப் பாத்தேன். பீரோ பெயிண்டு போச்சு, எழுத்து போகல.

இந்த நோயே உங்க ஊட்டுத் தோட்டத்துல புடிச்சதுதான். ஞாயித்துக்கெழமை வந்து தண்டவாளம் போட்டுக் குடுன்னு சாரு கூப்பிட்டாரு, இவரும் போனாரு. போனவரு திரும்பி வந்தப்ப கண்ணே வேற மாதிரி இருந்துச்சு. "புள்ள, நாலரை சென்டிமீட்டர் அகலத்துல ஒரு உலகமே இருக்குது"ன்னாரு. நான் அப்ப ஏழு மாசம். எனக்கு எந்திரிச்சு உக்கார முடியல, இவருக்கு உலகம்.

அந்த லிஸ்டு இங்கிலீசுல இருக்குதுங்க. நான் அஞ்சாவதோட நின்னவ. ஆனா நாலு வருசமா தெனமும் துணி எடுக்கக் கதவைத் தொறந்தா அதுதான் மூஞ்சியில அடிக்குது, தெரியாம என்ன செய்யும். ஒண்ணு, ஊட்டி இன்ஜின், அடியில பல்சக்கரத்தோட. ரெண்டாவது டார்ஜிலிங்காரன், குட்டையா இருப்பான், முன்னால ஆளு உக்காந்து தண்டவாளத்துக்கு மணல் போடுவாங்க. மூணு, சுவிட்சர்லாந்து முதலை. முதலைன்னுதான் பேரே, நீளமா மூக்கு ரெண்டு பக்கமும். நாலாவது கேரட்டு. திங்கற கேரட்டு இல்லீங்க. முன்னால ஒரு செட்டு சக்கரம், பின்னால ஒரு செட்டு சக்கரம், நடுவுல நீராவிக் கொப்பரை தொட்டில் மாதிரி தொங்கும். அஞ்சு, காட்டுல மரம் இழுக்குறது, சிலிண்டரெல்லாம் ஒரே பக்கமா நட்டமா நிக்கும், கட்டடத்துக்கு ஏணி சாத்துன மாதிரி. ஏழாவது நம்ம ஊர்ல முன்ன ஓடுனது, மூக்குல நட்சத்திரம் இருக்கும். கடைசியா பதினேழாவது, அமெரிக்காவுது, அதை எங்க பொடக்காலியில நிறுத்துனா மூக்கு குழாயடியில இருக்கும், வாலு சரோஜாக்கா அடுப்படியில இருக்கும்.

எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க்கா. ஆனா ஒண்ணு சொல்றேன். அந்த நாலாவது திரும்பறதுக்கு எட்டடி வட்டம் வேணும். எங்களுது நாலடி. வளைவுல நொழையும்போதே வெளியில பாயும். இது கூட யோசிக்காம எழுதி வெச்சிருக்காரு. "இது நம்ம லைன்ல திரும்பாதுங்க, அடிச்சுருங்க"ன்னு நானே சொன்னேன். அதுக்கு, "லிஸ்டுதான புள்ள, ஓட்டவா போறோம்"ங்கறாரு. ஓட்டாத இன்ஜினுக்கு எதுக்குங்க எங்கம்மா பீரோ?

நாலடி வளைவுக்கே என் கருவேப்பிலைச் செடி போச்சு. முட்டளவு வந்திருந்துச்சு. ஒரு நாள் பாப்பாவுக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து பாத்தா, செடி இருந்த எடத்துல ஜல்லி கொட்டியிருக்குது. "நீதான சொன்ன, வளைவு ரொம்ப இறுக்கமா இருக்குது, வண்டி முனகுதுன்னு"ங்கறாரு. சொன்னேன்தான். முனகுதுன்னு சொன்னா செடியப் புடுங்கச் சொன்னதா அர்த்தமா? சரோஜாக்கா தெனமும் குழாயடியில நின்னு கேக்கும், "கோகிலா, அடுத்த ரயிலு எத்தனை மணிக்கு? ரெண்டு பச்ச மொளகா ஏத்தி அனுப்பி உடு." தெருவே சிரிக்கும். நானும் ஏத்தி அனுப்புவேன். வேற என்ன செய்ய, கேட்டுட்டாங்க.

இந்தத் தொப்பை இன்ஜினு கதையச் சொல்றேன் கேளுங்க. பாப்பா பொறந்து மூணாம் மாசம் எனக்கு மஞ்சக்காமாலை. பால் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. பவுடர் பாலுதான் எம் புள்ளைக்கு. டப்பா டப்பாவா வந்துச்சு. நெஞ்சு கட்டிக்கிட்டு நான் ஒரு பக்கம் அழுவேன், அது பாட்டுக்கு அந்த டப்பாப் பாலைக் குடிச்சுட்டுச் சிரிக்கும். எனக்கு அந்த டப்பாவப் பாத்தாலே ஆகாது. ஆனா ஒண்ணைக் கூடப் போட மனசு வரல. பதினோரு டப்பா, கழுவி, காய வெச்சு, செவுத்து மேல அட்டாலியில அடுக்கி வெச்சிருந்தேன். பாப்பா நடக்க ஆரம்பிச்சப்ப இவரு அதுல ரெண்டைக் கேட்டாரு. "இன்ஜினுக்குக் கொப்பரை பண்ணலாம் புள்ள." எடுத்துக்கோங்கன்னுட்டேன்.

அதுலதான் தப்பு நடந்துச்சு. இந்தப் பொம்மை ரயில்காரங்களுக்கு அளவுதான் சாமி. நெசமான வண்டி இருபத்திரண்டரை அடின்னா இது ஒரு அடி. அதுல ஒரு நூலு கூடினாலும் மூஞ்சியச் சுளிப்பாங்க. பால் டப்பா சுத்தளவு அந்தக் கணக்குக்கு ரொம்பப் பெருசு. இவரு டப்பாவ வெச்சுப் பாத்து, அளந்து பாத்து, தலையச் சொறிஞ்சாரு. "சின்ன டப்பாவாப் பாக்கணும்"னாரு. எனக்கு வந்துச்சே கோவம். "எம் புள்ள குடிச்சது இந்த டப்பாதான். இதுல பண்றதுன்னா பண்ணுங்க, இல்லைன்னா எடுத்த எடத்துல வைங்க"ன்னேன். அன்னைக்குத்தான் அவருகிட்ட நான் மொதமொதல்ல சத்தமாப் பேசுனது. அதுலயே பண்ணாரு. அதான் அந்தத் தொப்பை.

நான் அதுல ஒண்ணும் செய்யலீங்க. கல்யாணத்துக்கு முந்தி திருப்பூர்ல தையல் கத்துக்கிட்டேன், அதனால ஜாக்கெட்டுக்கு வெட்டற மாதிரி பேப்பர்ல அளவு வெட்டிக் குடுத்தேன், அவ்வளவுதான். அப்புறம் தகரத்தையும் நாந்தான் வெட்டினேன், அவருக்குக் கத்திரி கோணப் போகும். டிரைவர் நிக்கிற ரூமு கூரை வளைவா இருக்குது பாருங்க, அது கைமடிப்பு வைக்கிற மாதிரி மடிச்சேன். பெயிண்டு நான் அடிச்சது. பக்கவாட்டுல பாப்பா பேரை, 'தன்ஷிகா'ன்னு எழுதுனது நான். ஜன்னலுக்கு வளையல் பொட்டி பிளாஸ்டிக்கு. விளக்கு ரெண்டும் என் பழைய தோட்டுக் கல்லு. மத்ததெல்லாம் அவருதான் செஞ்சாரு.

சக்கரத்தையெல்லாம் சேத்துப் புடிக்கிற கம்பி இருக்குது பாருங்க, ரயில்ல முன்னும் பின்னும் போயிட்டு வருமே, அதுலதான் ரொம்ப நாள் கெடந்து அல்லாடுனாரு. ஓடும், நாலு சுத்து சுத்தும், கம்பி கழண்டு விழுந்துரும். ஆணி போட்டாரு. செம்புக் கம்பி போட்டாரு. பட்டறையில கடைசல் புடிச்சுக் கொண்டாந்து போட்டாரு. நிக்கல. பாப்பா வேற பக்கத்துல உக்காந்துட்டு, விழும்போதெல்லாம் "போச்சு"ங்கும். ஒரு நாள் சோறு ஆறுது, கூப்பிடறேன், வர மாட்டேங்கறாரு. எனக்குப் பொறுக்கல. என் தாலிச் சங்கிலியில கெடந்த ஊக்கு ஒண்ணைக் கழட்டி, அந்த ஓட்டைக்குள்ள உட்டு, பூட்டி, "இப்ப எந்திரிச்சு வாங்க"ன்னேன். சும்மா கோவத்துல செஞ்சதுங்க. மூணு வருசம் ஆச்சு, இன்னைக்கு வரைக்கும் அது கழண்டதில்ல. மழையில ஓடியிருக்குது, பாப்பா ஏறி உக்காந்திருக்கா, கழண்டதில்ல.

அந்த வண்டி வந்ததுல இருந்துதான் எம் புள்ள ஒழுங்கா சோறு திங்குது. ஒரு வாய் இட்லிய பின்னால பெட்டியில வெச்சு நான் இந்தப் பக்கம் இருந்து அனுப்பணும், அது அந்த வளைவுல நின்னு எடுத்துத் திங்கும். நின்னா தப்பு, ஊதுனா தப்பு, நேரத்துக்கு வரணும். ஒரு சுத்து வர எனக்கு எண்ணிக்கை முப்பத்திநாலு. மழை பெஞ்சா முப்பத்தேழு. இதுதாங்க்கா என் பொழப்பு. ரயில்வேயில கூட ஞாயித்துக்கெழமை லீவு உண்டு.

சரி, விசயத்துக்கு வர்றேன். தை மாசம் உங்க தோட்டத்துல எல்லா ரயில்காரங்களும் கூடுனாங்களே, நீங்க மக ஊட்டுக்குப் போயிருந்தீங்களாம். அன்னைக்கு இவரு அங்க தண்டவாள வேலைக்குப் போனாரு. பாப்பா நானும் வர்றேன்னு இவரு காலைக் கட்டிக்கிட்டா, வண்டியையும் தூக்கிக்கிட்டா, அப்புறம் நானும் போக வேண்டியதாப் போச்சு. ஒரு மாமரத்துக்குப் பின்னால நின்னுட்டு இருந்தேன். பாப்பா யாரையும் கேக்காம வண்டியக் கொண்டு போயி அத்தனை பெரிய பெரிய இன்ஜினுக்கு நடுவுல வெச்சுட்டா. சாரு பாத்துட்டுச் சிரிச்சாரு. "என்ன திருமூர்த்தி, உன் இன்ஜினு மாசமா இருக்கா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. இருக்கட்டும், அவங்க பெரிய மனுசங்க, சிரிக்கலாம். இவரும் சேந்து சிரிக்கிறாருங்க்கா. எம் புள்ள உசுரு வளத்த டப்பா. இவரு பல்லைக் காட்டிட்டு, "ஆமாங்க சார்"ங்கறாரு. அன்னைக்கு ராத்திரி நான் சோறு போட்டுட்டுப் பேசவே இல்ல. ஏன்னு அவரு கேக்கவும் இல்ல. தட்டு ஓரத்துல ஒதுக்கி ஒதுக்கித் தின்னுட்டு எந்திரிச்சுப் போனாரு.

ஆனா அங்க வேற ஒண்ணு நடந்துச்சு. பெங்களூருல இருந்து வந்த ஒரு வயசானவரு, வெள்ளை வேட்டி கட்டியிருந்தாரு, புல்லுல அப்படியே சப்பணம் போட்டு உக்காந்து இதையே பாத்துட்டு இருந்தாரு. சுத்திச் சுத்தி வந்துச்சு. ஒரு பத்து நிமிசம் பாத்திருப்பாரு. அப்புறம் சாரைக் கூப்பிட்டு, "உங்ககிட்ட இருக்கறதெல்லாம் வேணும்னா நானும் வாங்கிக்கலாம். இதை நான் எங்க போயி வாங்கறது?"ன்னாரு. கூட இருந்தவங்களும் வந்து நின்னாங்க, செல்லுல படம் புடிச்சாங்க. சாரு இன்ஜினெல்லாம் ஆளில்லாம சுத்திட்டு இருந்துச்சு. நான் மரத்துக்குப் பின்னால இருந்து பாத்தேன், சாரு மூஞ்சி மாறிப் போச்சு. கோவிச்சுக்காதீங்க, பாத்ததைச் சொல்றேன்.

மறுநாளே கேட்டாரு. "அதை எனக்குக் குடுத்துரு திருமூர்த்தி. உனக்கு என்ன இன்ஜினு வேணும் சொல்லு." இவரு வந்து எங்கிட்ட, "என்ன புள்ள, குடுத்தரலாமா?"ன்னு கேக்குறாரு. கேக்குறாருங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல. குடுக்க மாட்டேன்னு சொல்றவரு எதுக்கு எங்கிட்ட வந்து கேக்கணும்? நானும், "எனக்கென்ன, தகர டப்பாதான, குடுங்க. உங்க லிஸ்டுல ஒண்ணு கொறையும்"னுட்டேன். அவரு போயி பீரோவத் தொறந்து அந்த லிஸ்டைப் பாத்துட்டு நின்னாரு. ஆசை, வேற என்ன. எச்சி ஊறியிருக்கும்.

அதுக்கப்புறம் பாருங்க கூத்தை. சாரு மொத வாரம் கேட்டப்ப, "பெயிண்டு அடிச்சிருக்குதுங்க சார், காயல"ன்னு சொல்லியிருக்காரு. பெயிண்டு அடிச்சு மூணு வருசம் ஆச்சு. ரெண்டாம் வாரம், "பாப்பாவுக்குக் காய்ச்சலுங்க சார், இப்ப எடுத்தா ஏங்கிப் போயிரும்." பெத்த புள்ளைக்கு வாயால காய்ச்சல் வர வைப்பாங்களா யாராவது? நான் மொளகா சுத்திப் போட்டேன் அன்னைக்கு. மூணாம் வாரம், குலதெய்வம் கோயிலுக்குப் போறோம்னு சொல்லியிருக்காரு, நாங்க எங்கயும் போகல, கதவைச் சாத்திட்டு மூணு பேரும் உள்ளயே உக்காந்திருந்தோம். ஏனுங்க இப்படிப் பண்றீங்கன்னு கேட்டா, "இருக்கட்டும் புள்ள"ங்கறாரு. எனக்குத் தெரியாதா? ஒரு இன்ஜினு பத்தலைன்னு இருக்குது. இழுத்து இழுத்து ரெண்டாவது நம்பரையும் சேத்துக் கறக்கப் பாக்குறாரு. இல்லைன்னா எதுக்கு ஒரு மனுசன், அதுவும் மொதலாளிகிட்ட, வாரா வாரம் பொய் சொல்லணும்?

இன்னைக்கு சாரு நேராவே வந்துட்டாரு, நீங்களும் வந்தீங்க. ஓட்டிக் காட்டுன்னாரு. இவரு பட்டனை அமுக்கறாரு, வண்டி அசையல. பேட்டரி தீந்து போச்சாம். முந்தாநாளு நாந்தான் சார்ஜு போட்டேன். நேத்து சாயங்காலம் இவரு வண்டியத் தலைகீழாக் கவுத்து வெச்சு, சக்கரம் சும்மாவே சுத்தட்டும்னு விட்டுட்டு, பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தாரு. பேட்டரி வீணாப் போகுதுன்னு நான் ரெண்டு தடவை சொன்னேன். காதுல வாங்கல. அதான் இப்ப ரெண்டு பேரும் கடைக்குப் போயிருக்காங்க. ஒரு வேலை உருப்படியாச் செய்யத் தெரியாதுங்க இவருக்கு.

பாப்பாவ அங்கன்வாடியில விட்டுட்டு வந்துட்டேன். போகும்போது, "வண்டிக்குச் சாப்பாடு வெச்சிரு"ன்னு சொல்லிட்டுப் போனா. அது எம் பின்னால வந்து கேக்கும்போது நான் என்ன சொல்றது? நீலக் கலரு இன்ஜினைக் காட்டட்டுமா? அதைத் தொடக் கூடாது, கை ரேகை பட்டா பெயிண்டு போயிருமாம், சாரே சொன்னாரு. அதுல இட்லி வெச்சு அனுப்ப முடியுமா?

சரி. நீங்க அக்கான்னு கூப்பிடச் சொன்னீங்க, அதனால சொல்றேன். நீங்க சார்கிட்டச் சொல்றதுன்னாலும் சொல்லிக்கோங்க, எனக்குப் பயமில்ல. பயமாத்தான் இருக்குது. இருந்தாலும் சொல்றேன்.

இங்க பாருங்க. என் சங்கிலியில எப்பவும் மூணு ஊக்குதான் கெடக்கும். இப்ப எண்ணிப் பாருங்க, நாலு. இந்த நாலாவதுல செவப்புப் பெயிண்டு ஒட்டியிருக்குது பாத்தீங்களா? காலையில அவரு குளிக்கப் போனப்ப கழட்டிட்டேன். கம்பி சும்மா ஒட்டிட்டு நிக்குது, ஒரு சுத்து சுத்துனா விழுந்துரும். ஓடாத வண்டிய சாரு எடுத்துட்டுப் போக மாட்டாருன்னு நெனச்சேன். இப்ப யோசிச்சாத்தான் தெரியுது, அது எத்தனை நேரத்துக்கு? என்ன காணோம்னு எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியாதா? திரும்பி என் கழுத்தைப் பாத்தா முடிஞ்சுது. அவரு கையாலேயே கழட்டி மாட்டி, ஓட்டிக் காட்டி, பொட்டியில போட்டுக் குடுத்துருவாரு. குடுக்கட்டும். எல்லார் முன்னாலயும் என் கழுத்துல இருந்து கழட்டட்டும். அப்பவாவது அவருக்குச் சுருக்குன்னு ஏதாவது படுதான்னு பாக்குறேன்.

வந்துட்டாங்க. பைக்குச் சத்தம் கேக்குது. காப்பியக் குடிங்க. நான் ஒண்ணும் பேசலீங்க.

போயிட்டாங்களா? காரு வரைக்கும் போறாங்க. நீங்க செத்த இருங்க அக்கா, சாரு காரைத் திருப்பிட்டு ஹாரன் அடிக்கிறேன்னாரு.

நீங்களே பாத்தீங்கல்ல. நான் எதையாவது கூட்டிச் சொன்னேனா? உங்க கண்ணு முன்னாலதான நடந்துச்சு.

பேட்டரிய மாட்டினாரு. சக்கரம் ஒரு சுத்துச் சுத்துச்சு, கம்பி டக்குனு கீழ விழுந்துச்சு. சாரு, "என்ன திருமூர்த்தி, ஒரு அடி கூடப் போகலியே"ன்னாரு. இவரு குத்துக்கால் போட்டு உக்காந்து அந்த ஓட்டைய வெரலால தடவிப் பாத்தாரு. ஜல்லிக்குள்ள தேடுனாரு. கல்லுக்கு அடியில தேடுனாரு. அப்புறம் தலையத் தூக்கி என்னைப் பாத்தாருங்க. நேரா என் கழுத்தைத்தான். எண்ணுனாரு. எண்ணும்போது அவருக்கு உதடு அசையும், எனக்குத் தெரியும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலாவதுல செத்த நேரம் நின்னாரு.

அப்புறம் என்ன சொன்னாரு? கேட்டீங்கல்ல? "லாக் பின்னு ஒண்ணு விழுந்துருச்சுங்க சார். எங்க போச்சுன்னு தெரியல. புதுசா கடைசல் புடிச்சு, சூடு காட்டி, பதம் பாத்துப் போடணும். இப்போதைக்கு ஆகாதுங்க." மூஞ்சியில ஒரு சுளிப்பு இல்ல. தண்ணி மாதிரி வருது பொய்யி. சாரு பாவம், "ஒரு பின்னுக்கா இவ்வளவு? ஊக்கு கீக்கு மாட்டி ஓட்டு"ன்னு சொல்றாரு, அவருக்கு விசயம் தெரியாமயே சரியாச் சொல்றாரு. அதுக்கு இவரு, "ஊக்கெல்லாம் தாங்காதுங்க சார், வளைஞ்சு போயிரும்"ங்கறாரு. மூணு வருசமா எதுல ஓடுச்சாம் அப்போ? அரை நூலு தப்புனா மறுபடி கடையறவரு, ஒரு பொய்ய எப்படி மழமழன்னு கடையறாரு பாருங்க. சம்பளங் குடுக்குற மொதலாளிகிட்ட. வர்ற ஆயுத பூசைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு வந்து பொரி வாங்கறது?

சரி பின்னைப் போட்டுட்டுச் சொல்லு, அது வரைக்கும் ஊட்டி இன்ஜினு எங்கிட்டயே இருக்கட்டும்னு சாரு சொன்னப்பவாவது ஒரு வார்த்தை பேசுவாருன்னு பாத்தேன். லிஸ்டுல மொதல் நம்பருங்க்கா. நாலு வருசமா பீரோ கதவுல நின்னு எம் மூஞ்சியில அடிச்சது. இவரே போயி, பொட்டிய மூடி, நாடாவக் கட்டி, பச்சப் புள்ளையத் தூக்கற மாதிரி ரெண்டு கையில ஏந்திட்டுப் போறாரு. எட்டிப் பாருங்க, அந்தச் சந்து மொனையில போறாரு. ஒரு வருத்தம் தெரியுதா? தலைச்சுமையை எறக்கி வெச்சவரு மாதிரி வீசி நடக்குறாரு. சாரு பின்னால ஓட வேண்டியிருக்குது. இவருக்கு நெசமாவே அந்த இன்ஜினு மேல ஆசை இருந்துச்சா இல்லையான்னே எனக்கு இப்பச் சந்தேகமா இருக்குது. ஆசை இல்லாமயா எம் பீரோவக் கெடுத்தாரு? வரட்டும். கேக்காம விட மாட்டேன் இன்னைக்கு.

உங்க செருப்பு அந்தப் பக்கம் கெடக்குது. இருங்க, நான் எடுத்துத் தர்றேன்.

ஒண்ணு கேக்கட்டுங்களா அக்கா? சாரு உங்க பக்கம் திரும்பி, "உங்கிட்ட ஒரு ஊக்கு இருக்கா பாரு"ன்னு கேட்டாரு. நீங்க இல்லைன்னு தலையாட்டுனீங்க. ஆட்டிட்டு, முந்தானையக் கழுத்து வரைக்கும் இழுத்து மூடிக்கிட்டீங்க. நீங்க உள்ள வந்து குனிஞ்சு உக்காரும்போதே நான் பாத்துட்டேங்க. உங்க சங்கிலியிலயும் ரெண்டு தொங்குது. தங்கமில்ல, எங்களுது மாதிரியே சாதா ஊக்கு.

பதில் சொல்ல வேண்டாங்க. சும்மா கேட்டேன்.

ஹாரன் இன்னும் அடிக்கல. அதுக்குள்ள ஒரு கை புடிங்க, பாப்பா வர்ற நேரம் ஆச்சு, வந்ததும் வண்டியத்தான் தேடுவா. இப்படித் தொப்பைக்கு அடியில கை குடுத்துத் தூக்கிப் புடிங்க, கனமில்ல. நான் இந்த ஊக்கை மாட்டிர்றேன். ஆங், ஆச்சு. இப்ப எறக்குங்க. அங்க இல்லீங்க்கா, அந்த வளைவுல ஒரு ஜாயிண்டு தூக்கியிருக்குது, நாளைக்கு அடிச்சு எறக்கணும். நேர் லைன்ல வைங்க.